செங்காந்தள் விதைக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம் தெரியுமா?

சென்னையை அடுத்த செம்பாக்கத்தில் வேளச்சேரி சாலையோரம் காலை ஏழு மணிக்கு லேப் வாசலில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களைப் பாருங்கள். அறுபது தாண்டிய பலரது பையில் மூன்று பைல்கள் இருக்கும். சுகர் டாக்டருக்கு ஒன்று, ஹார்ட் டாக்டருக்கு ஒன்று, "கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கு, எதுக்கும் காட்டிடுங்க" என்று அனுப்பி வைக்கப்பட்ட கிட்னி டாக்டருக்கு ஒன்று. அந்த மூன்று பைலும் ஒரே நோயின் மூன்று அத்தியாயங்கள் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2023 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது, தெரியுமா?

இதயம், சிறுநீரகம், உடலின் சர்க்கரை-கொழுப்புக் கணக்கு மூன்றையும் சேர்த்து ஒரே நோய்த்தொகுதியாக அறிவித்து, அதை பூஜ்யத்திலிருந்து நான்கு வரை நிலைகளாகப் பிரித்தார்கள். தொந்தி போட்டாலே முதல் நிலை. பிரஷர், சுகர், சிறுநீரகப் பழுது வந்தால் இரண்டு. வெளியே தெரியாமல் ரத்தக்குழாய் அடைக்கத் தொடங்கினால் மூன்று. அட்டாக்கோ பக்கவாதமோ வந்துவிட்டால் நான்கு. அமெரிக்கப் பெரியவர்களில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் முதல் நிலையிலோ அதற்கு மேலோ இருப்பதாக அடுத்த ஆண்டே ஒரு கணக்கு வந்தது. பூஜ்யத்தில் நிற்பவர்கள் பத்தில் ஒருவர்தான்!

சரி, இந்த மூன்று உறுப்பையும் ஒன்றாகக் கட்டும் கயிறு எது? அழற்சி. காலில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கிறதே, அதே வேலைதான். ஆனால் இது சிவக்காது, வலிக்காது, ஆண்டுக்கணக்காக ரத்தக்குழாய்ச் சுவருக்குள் மெதுவாக நடக்கும். அதை ரத்தத்தில் அளக்க முடியும் என்பதுதான் அதிசயம். யாருக்கு ஆயுள் குறையும் அபாயம் கூடுதல் என்பதை அந்த அளவு முன்கூட்டியே காட்டுகிறது என்பது அதைவிடப் பெரிய அதிசயம்.

சி.ஆர்.பி. என்று ரிப்போர்ட்டில் பார்த்திருப்பீர்கள். 1930-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் செய்யும் புரதம் இது. உடம்பில் எங்கே தொற்று, எங்கே காயம் என்று செய்தி வந்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். கடுமையான தொற்றில் ஆயிரம் மடங்குகூட ஏறும்! காரணம் அடங்கியதும் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து இறங்கிவிடும்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இது காய்ச்சல்காரர்களின் பரிசோதனையாகவே இருந்தது. 1997-ல் ஹார்வர்டைச் சேர்ந்த பால் ரிட்கர் ஒன்று செய்தார். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த டாக்டர்களிடமிருந்து பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து உறைய வைத்திருந்த ரத்தத்தை வெளியே எடுத்து அளந்தார். பின்னாளில் மாரடைப்பு வந்தவர்களின் பழைய ரத்தத்தில், எந்த அறிகுறியும் இல்லாத அந்தக் காலத்திலேயே, சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தது! இந்த நுண்ணிய அளவைக் காட்டும் பரிசோதனைக்குத்தான் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. என்று பெயர்.

கதை அங்கே நிற்கவில்லை. 27,939 பெண்களிடம் ஒரே ஒருமுறை ரத்தம் எடுத்து, முப்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2024-ல் முடிவை வெளியிட்டது அதே ரிட்கரின் குழு. கெட்ட கொழுப்பு என்று நாம் எல்லோரும் பயப்படும் எல்.டி.எல். மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்குப் பெண்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட இதயநோய் அபாயம் 36 விழுக்காடு கூடுதல். சி.ஆர்.பி. மிக அதிகமாக இருந்தவர்களுக்கு? 70 விழுக்காடு! கொழுப்பு எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு விசாரித்துக்கொள்கிறோம். சி.ஆர்.பி. எவ்வளவு என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சி.ஆர்.பி. புகை, நெருப்பல்ல. பிறவியிலேயே மரபணு காரணமாக சி.ஆர்.பி. கூடுதலாகச் சுரப்பவர்களை ஆராய்ந்தபோது அவர்களுக்கு மாரடைப்பு கூடவில்லை. நெருப்பு அதற்கு மேலே இருக்கிறது. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்ற செய்தி மூலக்கூறுகள்தான் கல்லீரலை சி.ஆர்.பி. செய்யச் சொல்பவை. இன்டர்லூகின்-6 சொல்வதைச் சற்று மந்தமாகக் கேட்கும் மரபணுவோடு பிறந்தவர்களுக்கு இதயநோய் குறைவு என்று 2012-ல் தெரிந்தது. ஆகவே சி.ஆர்.பி.யை மட்டும் இறக்க மாத்திரை தேடுவதில் பொருளில்லை. அது ஏன் ஏறியது என்பதுதான் கேள்வி.

ஏன் ஏறுகிறது? நம் தொந்தியைத் தொட்டுப் பாருங்கள்! கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் சேமிப்பு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். பருத்த விலங்குகளின் கொழுப்புத் திசு அழற்சி மூலக்கூறைச் சுரக்கிறது, அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்று ஹோத்தாமிஸ்லிகிலும் ஸ்பீகல்மேனும் 1993-ல் காட்டியபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. ரத்தத்தில் ஓடும் இன்டர்லூகின்-6-ல் சுமார் மூன்றில் ஒரு பங்கு கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது. இதில் இன்னொரு வியப்பு: 1876-லேயே எப்ஸ்டைன் என்ற ஜெர்மன் மருத்துவர் ஆஸ்பிரினின் மூதாதையான சாலிசிலேட்டைக் கொடுத்துச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை குறைவதைப் பார்த்திருக்கிறார். இன்சுலின் கண்டுபிடிக்கவே இன்னும் 45 ஆண்டுகள் இருந்த காலம்! அழற்சியை அடக்கினால் சர்க்கரை ஏன் இறங்குகிறது என்பது நூறு ஆண்டுகளுக்கு மேல் விளங்காமலே கிடந்தது.

"நான் ஒல்லிதானே, எனக்கென்ன" என்பவர்களுக்கு 2004-ல் லான்செட் இதழில் வந்த ஒரு படம். இரண்டு விஞ்ஞானிகள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனின் யுட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு அச்சு அசலாக 22.3. ஆனால் உடற்கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2! எடை மெஷின் இருவரையும் ஒன்றாகவே காட்டியது. நம் ஒல்லி உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. அதனால்தான் எடையைவிட இடுப்பளவு நமக்கு முக்கியம். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் அபாயம். லண்டனில் வாழும் இந்திய வம்சாவளி ஆண்களுக்கு அங்குள்ள ஐரோப்பியர்களைவிட சி.ஆர்.பி. 17 விழுக்காடு கூடுதல் என்று 2001-ல் வந்த ஆய்வு சொன்னது. காரணங்களில் முதன்மையானது வயிற்றுக் கொழுப்பு.

சென்னை இந்த ஆராய்ச்சியில் பின்தங்கி நிற்கவில்லை என்பது தெரியுமா? டாக்டர் வி. மோகனின் குழு 26,001 சென்னைவாசிகளை வைத்து 'க்யூர்ஸ்' என்ற பெரும் ஆய்வை 2001-ல் தொடங்கியது. அதிலிருந்து 2005-ல் வந்த ஒரு கட்டுரை சி.ஆர்.பி.யைப் பற்றியது: சர்க்கரை நோய் உள்ளவர்களிடமும் இதயக் குழாய் நோய் உள்ளவர்களிடமும் அது கூடுதல், உடற்கொழுப்போடு சேர்ந்தே ஏறுகிறது. அதற்கும் முன்பே தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் வாழ்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு சென்னை ஆய்வு, சர்க்கரை நோய் உள்ளவர்களின் இறப்பு விகிதம் இல்லாதவர்களைவிட மூன்று மடங்குக்கும் கூடுதல் என்று கண்டது. அவர்களைக் கொண்டுபோனவற்றில் முதலிடம் இதயத்துக்கு, அடுத்த இடம் சிறுநீரகத்துக்கு. இந்தியா முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் கணக்கு வந்திருக்கும்போது, இந்த எண்களை நம் சொந்தத் தெருவின் எண்களாகவே படிக்க வேண்டும்.

செம்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தாம்பரம் சானடோரியம் இருக்கிறதே, டாக்டர் சௌரி முத்து 1928-ல் நிறுவிய காசநோய் மருத்துவமனை. அந்தத் தலைமுறைக் காசநோய் மருத்துவத்தில் மாதாமாதம் பார்த்த, அழற்சியைக் காட்டும் எண் ஒன்று உண்டு: ஈ.எஸ்.ஆர். நீண்ட கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கூடி, சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து வேகமாக இறக்கிவிடும். இதை ஆராய்ந்த ஸ்வீடன்காரர் ஃபாரேயஸ் 1918-ல் தேடியது அழற்சியை அல்ல, கர்ப்பத்தைக் கண்டுபிடிக்கும் வழியை! இன்றும் நம் லேப்களில் மலிவாகக் கிடைக்கும் பரிசோதனை அது.

அதைவிட மலிவானது ஏற்கெனவே உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சி.பி.சி. என்ற சாதாரண ரத்த எண்ணிக்கை ரிப்போர்ட்டை எடுங்கள். வெள்ளணுக்களில் நியூட்ரோபில் 60 விழுக்காடு, லிம்போசைட் 30 என்று இருந்தால், முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2. அவ்வளவுதான்! ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கும் எண் இது. இந்த எளிய வகுத்தல் கணக்கு கூடக் கூட இதயநோயாலும் மற்றக் காரணங்களாலும் இறப்பு அபாயம் கூடுகிறது என்று ஆய்வு மேல் ஆய்வாக வந்துகொண்டிருக்கிறது. அந்த விடையை பிளேட்லெட் எண்ணிக்கையால் பெருக்கினால் இன்னொரு குறியீடு. பிளேட்லெட் இரண்டரை லட்சம் என்றால், ஆயிரத்தில் எழுதி 250, அதை 2-ஆல் பெருக்க 500. 2014-ல் ஷாங்காயில் கல்லீரல் புற்றுநோய்க்காகக் கண்டுபிடித்த கணக்கு இது. இப்போது இதயம்-சிறுநீரகம்-சர்க்கரைக் கூட்டு நோயில் யார் அதிக அபாயத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்கப் பயன்படுத்துகிறார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? நியூட்ரோபில்கள் முதலில் ஓடிவரும் படை. உடம்பு நெருக்கடியில் இருந்தால் கார்ட்டிசால் சுரந்து லிம்போசைட்டுகளைக் குறைக்கும். ஒன்று ஏறி மற்றது இறங்க, விகிதம் எகிறும். ஆனால் சளி, காய்ச்சல், கர்ப்பம், ஸ்டீராய்டு மாத்திரை எல்லாமே இதை மாற்றும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். பல ஆண்டு ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அது பேசும்.

ஹெச்.எஸ். சி.ஆர்.பி.க்கும் இதே எச்சரிக்கை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் அபாயம் குறைவு, ஒன்றிலிருந்து மூன்று வரை நடுத்தரம், மூன்றுக்கு மேல் கூடுதல். பத்தைத் தாண்டினால் இதயத்தை விட்டுவிட்டு எங்கே தொற்று என்று முதலில் தேட வேண்டும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. சில லேப்களில் லிட்டருக்கு, சிலவற்றில் டெசிலிட்டருக்கு என்று அச்சிடுவார்கள். பத்து மடங்கு வித்தியாசம்! எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள். சாதாரண சி.ஆர்.பி. வேறு, ஹெச்.எஸ். வேறு என்பதையும் பில் போடும்போதே சொல்லிவிட வேண்டும்.

இனி சிறுநீரகம். படித்தால் நெஞ்சு பதறும் ஒரு கணக்கு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் முப்பது வயதுக்காரருக்கு இதயநோயால் இறக்கும் அபாயம், 80 வயதைத் தாண்டிய சாதாரண முதியவருக்கு இருக்கும் அபாயத்துக்கு நிகர் என்று 1998-ல் அமெரிக்கத் தரவுகள் காட்டின. டயாலிசிஸ் மையத்தில் வாரம் மூன்று நாள் படுத்திருக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கிட்னி பழுதானால் அழற்சி மூலக்கூறுகள் வெளியேறாமல் தேங்குகின்றன, குடலில் உண்டாகும் நச்சுகள் ரத்தத்தில் சேர்கின்றன, கழுத்தில் போட்ட கதீட்டர் தொற்றுக்கு வழிவிடுகிறது. சி.ஆர்.பி. அதிகமாக உள்ள டயாலிசிஸ் நோயாளிகளின் இறப்பு அபாயம் கூடுதல் என்று 1999-லிருந்தே ஆய்வுகள் சொல்கின்றன. ஊட்டக்குறைவு, அழற்சி, ரத்தக்குழாய்த் தடிப்பு மூன்றும் கைகோத்து ஒன்றையொன்று வளர்ப்பதை ஸ்வீடனின் ஸ்டென்விங்கல் விளக்கினார்.

இன்னொரு தலைகீழ் அதிசயம் கேளுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளில் கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பவர்களே அதிகம் இறக்கிறார்கள்! என்ன மாயம் இது? 2004-ல் புதிர் அவிழ்ந்தது. அழற்சியும் ஊட்டக்குறைவும் கொலஸ்ட்ராலைக் கீழே இழுக்கின்றன. அவை இல்லாத டயாலிசிஸ் நோயாளிகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, கொலஸ்ட்ரால் எல்லோருக்கும் போலவே ஆபத்தானதாகத்தான் இருந்தது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவதும் இதே கதைதான். முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்லி அனுப்புவது மட்டும் போதாது, அழற்சி எங்கே என்றும் தேட வேண்டும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அழற்சியை அடக்கினால் இதயம் பிழைக்குமா? நேரடியாகச் சோதித்தது 2017-ல் வெளிவந்த 'கான்டோஸ்' ஆய்வு. மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் கூடுதலாக இருந்த 10,061 பேருக்கு இன்டர்லூகின்-1-ஐத் தடுக்கும் ஊசி. கொழுப்பு துளியும் குறையவில்லை. ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 15 விழுக்காடு குறைந்தன! அழற்சி குற்றவாளி என்று நிரூபணமானது. ஆனால் உயிர்கொல்லும் தொற்றுகள் சற்றுக் கூடின, ஊசியின் விலையோ எட்டாத உயரம். இதயத்துக்கான மருந்தாக அது வரவே இல்லை.

வந்தது நம் தோட்டத்துப் பூ. தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள்! கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது. ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று விவசாயிகள் கம்பிப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறார்கள். சூல்தண்டு பூவை விட்டு விலகி வளைந்து நிற்பதால் மகரந்தம் தானாகச் சேர்வது குறைவு, காலையிலேயே பந்தல் பந்தலாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு விளையும் விதை ஏற்றுமதியாகிறது, எதற்குத் தெரியுமா? கோல்ச்சிசின் என்ற மருந்தைப் பிரித்தெடுக்க!

மூட்டுவாத வலிக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மருந்து அது. நியூட்ரோபில்கள் ஓடுவதற்குத் தேவையான உள்கட்டமைப்பைக் கலைத்துவிடும். கொலஸ்ட்ரால் படிகங்கள் தூண்டும் அழற்சி இயந்திரத்தையும் மட்டுப்படுத்தும். 2019-ல் கனடா தலைமையிலான ஆய்வில் மாரடைப்பு வந்த 4,745 பேருக்குத் தினம் அரை மில்லிகிராம் கொடுத்தார்கள், இதயப் பாதிப்புகள் 23 விழுக்காடு குறைந்தன. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா-நெதர்லாந்து ஆய்வில் 5,522 பேர், 31 விழுக்காடு குறைவு. 2023 ஜூனில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதயநோய்க்கான முதல் அழற்சி எதிர்ப்பு மருந்தாக அதை ஏற்றது. மூலனூர்ப் பந்தலில் விளையும் விதையில் இருக்கும் அதே பொருள்! 2024-ல் 7,062 பேரிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வழக்கு இன்னும் முடியவில்லை.

கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், யாரும் கிழங்கையோ விதையையோ வீட்டில் தொட்டுவிடாதீர்கள். கொடிய நஞ்சு. அதைத் தின்று உயிர்விட்டவர்கள் நம் கிராமங்களில் உண்டு. மாத்திரையாக இருந்தாலும் சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குக் கோல்ச்சிசின் ஆபத்து, கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் உயிரே போகலாம். அழற்சி மிகுந்த கிட்னி நோயாளிகளுக்கே இந்த மருந்து ஒத்துவராது என்பது எனக்குப் பெரிய வருத்தம். அவர்களுக்காகவே இன்டர்லூகின்-6-ஐத் தடுக்கும் ஜில்டிவெகிமாப் என்ற ஊசியை 2021-ல் சோதித்தார்கள். சி.ஆர்.பி. 90 விழுக்காடு வரை இறங்கியது. அது உயிரையும் காக்குமா என்று பார்க்க, சிறுநீரக நோயும் ரத்தக்குழாய் நோயும் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது.

ஊசி வரும்வரை என்ன செய்யலாம்? அழற்சியைக் கிளப்பும் தொற்றுகளைத் தடுக்கலாம். ஃப்ளூ வந்த முதல் ஏழு நாளில் மாரடைப்பு அபாயம் ஆறு மடங்கு என்று 2018-ல் கண்டார்கள். மாரடைப்பு வந்த மூன்று நாளுக்குள் ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்களில் ஓராண்டில் இறந்தவர்கள் 2.9 விழுக்காடு, போடாதவர்களில் 4.9! ஈறு நோய்க்குத் தீவிரச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 0.6 புள்ளி குறைவாக இருந்தது, ஒரு புதிய மாத்திரை சேர்த்ததற்கு ஏறக்குறைய சமம். பல் டாக்டரிடம் போவதும் இதய வைத்தியம்தான்! இதயத்தையும் கிட்னியையும் சேர்த்துக் காக்கும் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்தின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும், 60 ரூபாய் அளவில் இருந்த மாத்திரை சில கம்பெனிகளில் 10 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. விலையைப் பார்த்து நிறுத்தியிருந்தவர்கள் டாக்டரிடம் மீண்டும் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகப் பிடித்தது. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் சென்னைக்கு வெளியே கிராமங்களில் 25,000 பேரை வீடு வீடாகப் பரிசோதிக்க வைத்தார். போனவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி கொடுத்த உள்ளூர்ப் பெண்கள். கையில் பிரஷர் மெஷின், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்கச் சில துளி ரசாயனம், அவ்வளவே. கொடுத்தவை கடையில் கிடைத்தவற்றிலேயே மலிவான மாத்திரைகள். 2003-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, பிரஷர் நோயாளிகளில் 96 விழுக்காட்டினருக்கு 140/90-க்குக் கீழே வந்தது, சர்க்கரை நோயாளிகளில் பாதிப்பேருக்கு மூன்று மாதச் சராசரி 7-க்குள் அடங்கியது. சிறுநீரில் புரதம் கசிவது கிட்னிக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும் ஆயுளுக்கும் எச்சரிக்கை என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவு உறுதி செய்தது 2010-ல்தான். நம் கிராமத்துப் பெண்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் கசிவைக் கதவு கதவாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.